கரம் பலகையும் கணினித் திரையும்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் பிரதான வீதியை விட்டுக் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் ஒரே சாயலுடையன. இரு மருங்கும் மதில்கள். மதில்களுக்கு மேலாகத் தலைநீட்டும் முருங்கை. ஒழுங்கை முடியுமிடத்தில் மணல். மணலுக்கு அப்பால் கடல். அத்தகைய ஒழுங்கையொன்றில் இளைஞர் கழகமொன்றின் தகரக் கொட்டில் இருந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் அங்கே கரம் பலகையைச் சூழப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிடுவர். 1990களின் பிற்பகுதியில் ஒரு மாலை, உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அக்கொட்டிலின் வாயிலில் நெடுநேரம் நின்றார். விளையாட்டில் அவருக்கு நாட்டம் இருந்ததில்லை. ஆனால் அன்று காலை வகுப்பிலே, சமதிணிவுடைய இரு கோளங்கள் சாய்வாக மோதுவது பற்றிய கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதி, பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவனை அவர் எழுப்பியிருந்தார். அவன் வாய் திறக்கவில்லை. அதே மாணவன் இப்போது பலகையின் ஓரத்திற் குந்தியிருந்து, ஒரு காயினால் மற்றொரு காயை மயிரிழை தவறாத கோணத்தில் தொட்டுக் குழியில் விழுத்திக்கொண்டிருந்தான்.

"அந்தக் காய் அந்தப் பக்கம் போகும் எண்டு உனக்கு எப்படித் தெரியும், தம்பி?" என்று ஆசிரியர் கேட்டார்.

"தெரியும் சேர். இப்படித் தொட்டா அப்படித்தான் போகும்."

உந்தக் காப்பு விதி அவ்வொரு வாக்கியத்துள் அடங்கிக் கிடந்தது. அதனைப் பிரித்தெடுத்துக் கரும்பலகையில் வைக்க வேண்டியவர் யார், அவனா தாமா என்ற கேள்வி ஆசிரியரை வீடு செல்லும் வழியெல்லாம் அரித்தது.

மறு வாரம் கழகத்தாரிடம் கேட்டு அப்பலகையை அவர் வகுப்புக்குக் கொண்டுவந்தார். பாடசாலை நேரத்திற் கரம் பலகையொன்று மாடிப்படியேறி வருவதைக் கண்ட சக ஆசிரியர் சிலர் முகஞ்சுளித்தனர். ஒருவர், பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று நினைவூட்டினார். பொருத்தமான நினைவூட்டலே. உயர்தரப் பௌதிகவியலிற் செய்முறை அறிவும் எழுத்து வினாக்களாலேயே சோதிக்கப்படுகின்றது. சுரமானியைத் தொட்டறியாத ஒருவன் சுரமானி பற்றிய வினாவுக்கு நிறைந்த புள்ளி பெறுவது இந்நாட்டில் அரிய நிகழ்ச்சியன்று. அந்நிலையிற் கரம் பலகைக்கு வகுப்பறையில் என்ன வேலை என்று கேட்பவரைக் குறைகூற முடியாது.

ஆசிரியர் செய்தது எளியதொன்று. எடை கூடிய ஸ்ட்ரைக்கரை ஒதுக்கிவிட்டுச் சமதிணிவுள்ள இரு காய்களை மட்டும் எடுத்தார். பலகையின்மேற் பவுடரைச் சற்றுத் தடிப்பாகத் தூவினால் காய் சென்ற வழி கோடாகத் தெரியும். ஓய்விலிருந்த காயின்மேல் மற்றைய காயைச் சாய்வாக மோதவிட்டு, இரண்டும் விலகிச் சென்ற கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் சொன்னார். புத்தகக் கணக்கின்படி அது 90 பாகையாதல் வேண்டும். மோதுமுன் இருந்த உந்தக் காவி, மோதிய பின்னுள்ள இரு உந்தக் காவிகளின் கூட்டுத்தொகை. இயக்கசக்தி இழக்கப்படாவிடின் முன்னையதன் வர்க்கம் பின்னைய இரண்டின் வர்க்கங்களது கூட்டுத்தொகை. அவ்வாறாயின் அம்மூன்று காவிகளும் செங்கோண முக்கோணியொன்றை ஆக்குகின்றன. பைதகரசின் தேற்றத்தை அறிந்தவனுக்கு மேலும் சொல்ல எதுவுமில்லை.

மாணவர் அளந்தபோது செங்கோணம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் 90 பாகைக்குச் சற்றுக் குறைந்தே வந்தது. முதலில் அவர்கள் பாகைமானியை ஐயுற்றனர். பிறகு தங்கள் கண்களை. அதன் பின்னரே, தயக்கத்தோடு, புத்தகத்தை. மரக்காய்கள் மோதும்போது சிறிதளவு சக்தி ஒலியாகவும் வெப்பமாகவும் கழிகின்றது. மீளமைவுக் குணகம் ஐந்தில் நான்கு எனக் கொண்டு, மையங்களை இணைக்கும் கோட்டுக்கு 45 பாகை சாய்வில் மோதல் நிகழ்வதாகக் கணித்தால், இடைக்கோணம் 84 பாகையளவில் வரும். கரும்பலகையில் அக்கணக்கை முடித்து ஆசிரியர் திரும்பியபோது, பின் வாங்கு மாணவன் முன் வாங்கில் வந்து அமர்ந்திருந்தான். அதனை ஓர் அற்புதமாகச் சொல்வதற்கில்லை. பலகை முன்னால் இருந்தது, அவ்வளவுதான்.

விளையாட்டும் பௌதிகவியலும் இவ்வாறு ஒன்றையொன்று தேடிச் செல்வது புதிதன்று. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் புறூக்கேவன் தேசிய ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர், ஆய்வுகூடத்தைப் பார்க்கவரும் பொதுமக்கள் சலிப்படையாதிருக்கும் பொருட்டு, அலைவுகாட்டியின் சிறு திரையில் இருவர் ஆடும் ரென்னிசு விளையாட்டொன்றை அமைத்தார். எறிகணைகளின் பாதையைக் கணிக்கவல்ல ஒப்புமைக் கணினியே அதற்கு ஆதாரமாயிற்று. திரையில் துள்ளிய அவ்வொளிப்புள்ளி புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டுப் பரவளைவில் விழுந்தது. நான்கு ஆண்டுகளின் பின், 1962இல், மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவனத்து மாணவர் உருவாக்கிய விண்போர் விளையாட்டிலோ நடுவிலிருந்த விண்மீன் தன் ஈர்ப்பினாற் கலங்களை இழுத்தது. கணினி விளையாட்டு எனும் பெருந்தொழிலின் தொட்டிலை ஆட்டிய கைகளுட் பௌதிகவியலாளரின் கையும் ஒன்று என்பதனை இன்றைய விளையாட்டுப் பிரியர் பலர் அறியார்.

கற்பித்தலை நோக்கமாகக் கொண்ட முயற்சிகளில், 1982இல் அண்ட்ரியா டிசெஸ்ஸா வெளியிட்ட ஆய்வு தனியிடம் பெறுவது. உராய்வற்ற திரையில் நகரும் 'ஆமை' ஒன்றைச் சிறு உதைகளால் இலக்குக்குச் செலுத்துவதே அவர் பிள்ளைகளுக்கு அளித்த விளையாட்டு. மேல்நோக்கிச் சென்றுகொண்டிருக்கும் ஆமையை வலப்புறம் திருப்ப வேண்டுமாயின் வலப்புறம் ஓர் உதை கொடுத்தால் போதும் எனப் பிள்ளைகள் எண்ணினர். ஆமையோ மூலைவிட்டத் திசையிற் சென்றது. முன்னைய வேகம் அதனை விட்டு நீங்கவில்லை. உதைத்த பக்கமே பொருள் செல்லும் என்ற அரிஸ்டோட்டிலின் உலகிலேயே அப்பிள்ளைகள் வாழ்ந்துகொண்டிருந்தனர். நியூற்றனின் முதலாம் விதியை ஒப்புவிக்கத் தெரிந்த பல்கலைக்கழக மாணவியும் அதே பிழையைச் செய்தமையை அவ்வாய்வு காட்டியது. கல்முனைக் கரையின் மீனவன் இப்பிழையைச் செய்யான் என எண்ண இடமுண்டு. நீரோட்டத்தைக் குறுக்கறுத்துத் தோணி செலுத்துபவன், கரையில் தான் சேர வேண்டிய இடத்துக்கு நேராக அணியத்தை ஒருபோதும் வைப்பதில்லை.

விரிவுரையை மட்டும் கேட்டிருக்கும் மாணவருக்கும் கையாலும் வாயாலும் ஈடுபட்டுக் கற்கும் மாணவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை 1998இல் றிச்சர்ட் ஹேக் அளந்து காட்டினார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரின் பெறுபேறுகளை அவர் ஒப்புநோக்கினார். கற்கக்கூடியதாய் எஞ்சியிருந்ததில் எவ்வளவைக் கற்றனர் என்று பார்த்தபோது, மரபுவழி வகுப்புகளில் அது 0.23 ஆகவும் ஈடுபாட்டு வகுப்புகளில் 0.48 ஆகவும் இருந்தது. இரண்டு மடங்கு. ஆயினும் ஐம்பது விழுக்காட்டை எட்டவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

கணினி மாதிரிகளின் கதைக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு ஆண்டே கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 'ஃபெற்' எனும் திட்டத்தைத் தொடக்கினார். மாணவன் தன் விரலால் மாற்றிப் பார்க்கக்கூடிய மாதிரிகளை ஆக்கி இலவசமாக வழங்குவது அதன் பணி. ஊசலின் நீளத்தைக் கூட்டலாம், புவியீர்ப்பை அணைத்துவிடலாம், கம்பியினூடே ஓடும் இலத்திரன்களைக் கண்ணாற் காணலாம். அத்திட்டத்தினர் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று ஆசிரியருலகைச் சற்று அசைத்தது. மின்சுற்றுப் பாடத்தில் ஒரு சாரார் மெய்யான மின்குமிழ்களோடும் கம்பிகளோடும் பயின்றனர். மறுசாரார் திரையில் மட்டும் பயின்றனர். பின்னர் இரு சாராரிடமும் மெய்யான கருவிகளைக் கொடுத்துச் சுற்றமைக்கச் சொன்னபோது, திரையிற் பயின்றவரே மேம்பட்டு நின்றனர். தாம் அமைத்தது ஏன் அவ்வாறு தொழிற்படுகின்றது என்பதையும் அவர்களே தெளிவாக விளக்கினர்.

கரம் பலகை ஆசிரியர் இவ்வாய்வைப் படித்தபோது மகிழவில்லை. ஒருவகைப் பொறாமையே கொண்டார். அவருடைய ஆய்வுகூடத்தின் சாளரங்கள் கடலைப் பார்த்தவை. உப்புக் காற்று ஆண்டு முழுவதும் வீசுமிடத்திற் செப்பு முனைகள் பச்சை பிடிப்பதற்கு ஒரு தவணையே போதும். மீற்றர்ப் பாலத்தின் சாவியை ஒவ்வொரு முறையும் அரத்தாளால் தேய்த்த பின்னரே கல்வனோமானியின் முள் அசையும். கொலராடோவிற் கடல் இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டே கூறுவதுண்டு.

சில ஆண்டுகள் கழித்துப் பாடசாலைக்குக் கணினிகள் வந்தபோது, அம்மாதிரிகளை அவரே தரவிறக்கி வகுப்புக்குக் காட்டினார். மோதல் மாதிரியில் மீள்தன்மையை நூறு விழுக்காட்டில் வைத்தபோது, கரம் பலகையில் ஒருநாளும் கிட்டாத அந்தச் செங்கோணம் திரையில் ஒளிர்ந்தது. அளவைச் சற்றே குறைத்ததும் கோணமும் சுருங்கிற்று. பலகையிற் கண்டதற்கும் புத்தகத்திற் படித்ததற்கும் இடையே இருந்த பள்ளத்தின்மேற் பாலமொன்று விழுந்ததை மாணவரின் முகங்களில் அவர் கண்டார். பொறாமை அன்றோடு நீங்கியது எனலாம்.

ஆயினும் மின்சுற்றுப் பாடத்தில் வேறொன்று நிகழ்ந்தது. திரையில் ஒரு மணிநேரம் விளையாடித் தேறிய மாணவர் மூவர் ஆய்வுகூடத்திற் சுற்றொன்றை அமைத்தனர். குமிழ் எரியவில்லை. அவர்கள் கம்பியைப் பார்க்கவில்லை, மின்கலத்தைப் பார்க்கவில்லை. கொப்பியைத் திறந்து தங்கள் சமன்பாட்டைத் திருத்தத் தொடங்கினர். திரையிற் கம்பி ஒருபோதும் கழன்றதில்லை. முனை ஒருபோதும் துருப்பிடித்ததில்லை. ஆகவே பிழை தங்கள் சிந்தனையிலேயே இருத்தல் வேண்டும் என்று நம்பினர். சரியான சமன்பாட்டை அழித்துப் பிழையானதை எழுதும் வரைக்கும் அவர் பொறுத்திருந்து, பின்னர் எழுந்து சென்று அரத்தாளை அவர்கள் முன் வைத்தார். அது முதல், திரைக்கு ஒரு நாள் எனின் துருவுக்கு ஒரு நாள் என்பது அவர் வகுப்பின் வழக்கமாயிற்று.

மொழி பற்றியும் ஈண்டு ஒரு சொல் கூறவேண்டும். இத்தகைய மாதிரிகள் தமிழில் வருவது வரவேற்கத்தக்கது. ஆனால் எந்தத் தமிழில்? இலங்கையில் 'திணிவு' எனப்படுவது தமிழகத்தில் 'நிறை'; இலங்கையில் 'நிறை' எனப்படுவது அங்கே 'எடை'. தமிழகச் சொல்வழக்கில் அமைந்த திரையொன்றிற் 'நிறை 5 கிலோகிராம்' என்றிருக்கக் கண்டால், நிறையை நியூற்றனில் அளக்கப் பழகிய கல்முனை மாணவன் திகைப்பான். இதனினும் கொடியது 'வேகம்'. இங்கே அது திசையோடு கூடியது, திசையற்றது 'கதி'. அங்கே திசையற்றதே 'வேகம்'. திசையோடு கூடியது 'திசைவேகம்'. 'ஆர்முடுக'லுக்கும் 'முடுக்க'த்துக்கும் இடையிலோ உறவு வெளிப்படை, அது இடர்தருவதில்லை. அறியாத சொல்லைக் கண்டால் மாணவன் நின்று கேட்பான்; அறிந்த சொல்லே வேறு பொருளில் வரும்போது, கேளாமலே பிழைபடுவான். பாக்குநீரிணையின் இரு கரையிலும் உள்ள கலைச்சொல்லாக்கக் குழுக்கள் தனித்தனியே உழைத்ததன் பயனை உயர்தர மாணவன் சுமக்கின்றான். ஆசிரியர் இதற்குக் கண்ட தீர்வு, சுவரில் ஒட்டிய இரு நிரற் பட்டியல் ஒன்று. நாளடைவில் மாணவர் அதனையே ஒரு விளையாட்டாக்கி, ஒருவன் ஒரு கரைச் சொல்லைக் கூற மற்றவன் மறுகரைச் சொல்லைக் கூறும் போட்டியை நடத்தினர்.

2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது கரம் பலகை கழகக் கொட்டிலிலேயே பூட்டப்பட்டுக் கிடந்தது. வகுப்பு கைபேசிக்குள் ஒடுங்கியது. மருதமுனை நெசவுக் குடும்பமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தியின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைபேசி. அதுவும் வாப்பாவின் கைபேசி. அவர் வேலைவிட்டு வந்த பின்னரே அது அவள் கைக்கு வரும்; அதற்குள் தம்பிமார் இருவர் தங்கள் முறைக்குக் காத்திருப்பர். தரவுக்குக் காசு வேண்டும். மாதிரிகளுட் புதியவற்றை ஒருமுறை திறந்துவிட்டால், பக்கத்தை மூடாத வரைக்கும் இணைய இணைப்பின்றியும் அவை இயங்கும் என்பதனை அவளாகவே கண்டுபிடித்தாள். எனவே பக்கங்களை மூடாமலே வைத்திருக்கும்படி வாப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் என்பது பின்னர் தெரியவந்தது. பாவனையாளனின் பணப்பையை நினைந்து அவ்வாறு ஆக்கப்பட்டதோ அன்றித் தற்செயலோ, அச்சிறு வசதி இக்கரையிற் பல பாடக்குறிப்புகளைக் காட்டிலும் பயன்தந்தது.

2022இல் மின்வெட்டு வந்தது. மார்ச்சு மாத இறுதியில் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டது. கணினிகள் இருண்டு கிடந்தன. கரம் பலகை மீண்டும் மாடிப்படி ஏறிற்று. இம்முறை யாரும் முகஞ்சுளிக்கவில்லை.

இவ்வளவும் எழுதிய பின் எஞ்சி நிற்பது அலை.

அவ்வாசிரியர் தம் பல்கலைக்கழகக் காலத்திலேயே ஒரு சூத்திரத்தைக் கற்றிருந்தார். அலைநீளத்தோடு ஒப்பிடுகையில் ஆழங்குறைந்த நீரில், அலையின் கதி புவியீர்ப்பு ஆர்முடுகலையும் நீரின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாற் கிடைப்பது. நான்கு கிலோமீற்றர் ஆழமுள்ள கடலும், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளமுடைய அலைக்கு ஆழங்குறைந்த நீரே. அங்கே அதன் கதி செக்கனுக்கு 198 மீற்றர். மணிக்கு ஏறத்தாழ 713 கிலோமீற்றர். நூறு மீற்றர் ஆழத்தில் அது 113 ஆகக் குறையும். பத்து மீற்றர் ஆழத்தில் 36. முன்பகுதி தளர்ந்து பின்பகுதி நெருங்கும்போது அலை உயரத்தில் வளர்கின்றது. 2004 திசெம்பர் 26ஆம் திகதி, நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் இந்து சமுத்திரத்தின்மேற் பறந்த ஜேசன்-1 என்னும் செய்மதி, ஆழ்கடலில் அளந்த அலையின் உயரம் 60 சென்ரிமீற்றரளவே. வள்ளத்தில் இருந்தவனுக்கு அது தெரிந்திராது.

சுமாத்திராவின் நடுக்க மையத்திலிருந்து கல்முனைக் கரை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். அலைக்கு வேண்டியிருந்தது ஏறத்தாழ இரண்டு மணிநேரம். அன்று ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் வேறெம்மாவட்டத்தினும் கூடுதலாக, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை அம்பாறை மாவட்டம் இழந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் சில முற்றாக இல்லாதொழிந்தன. புத்தாண்டில் அவர் இடாப்பு அழைத்தபோது இரு பெயர்களுக்கு மறுமொழி வரவில்லை. அந்த இரண்டு மணிநேரமும் தம் கொப்பியில் ஒரு வரிச் சூத்திரமாக இருந்தது என்ற எண்ணம் அவரை விடவில்லை. எச்சரிக்கும் கருவியோ ஏற்பாடோ இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. சூத்திரத்தை அறிந்த ஆசிரியர் ஒருவரால் எதுவும் செய்திருக்க முடியாது என்று அவருக்குப் பலரும் கூறினர். பதினேழு ஆண்டுகளாக அலைகள் எனும் அலகில் அச்சூத்திரத்துக்கு வந்ததும் அவர் ஊஞ்சலுக்கும் சுரமானிக்கும் தாவிவிடுவார். பாடத்திட்டம் அதனைக் கேட்கவில்லை என்பது வசதியாயிருந்தது.

2022இல், சம்மாந்துறையில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திற் பயின்ற பழைய மாணவன் ஒருவன், தானே எழுதிய கணினி மாதிரியொன்றை அவரிடம் கொண்டுவந்தான். சுமாத்திராவிலிருந்து கல்முனை வரையுள்ள கடலை ஒரே கோடாகக் கொண்டு, ஒவ்வோரிடத்து ஆழத்துக்கும் ஏற்ப அலையை நகர்த்தும் எளிய நிரல் அது. அதன்மேல் ஒரு விளையாட்டையும் அவன் பொருத்தியிருந்தான். கரையிற் புள்ளிகளாக மனிதர். ஆடுபவன் ஒலிபெருக்கியை எப்போது முழக்குவது என்று தீர்மானிக்க வேண்டும். எத்தனை புள்ளிகள் மேட்டுநிலம் சேர்ந்தன என்பதே பெறுபேறு. ஐக்கிய நாடுகள் சபையின் அனர்த்தத் தணிப்புப் பிரிவு 2007இலேயே இதே நோக்கில் ஓர் இணைய விளையாட்டை வெளியிட்டிருந்தது. அவன் அதனை விளையாடி வளர்ந்தவன்.

மின்சாரம் இருந்த ஒரு முற்பகலில் வகுப்பு அதனை ஆடிற்று. முதல் ஆட்டத்தில் மாணவர் பிந்தினர், புள்ளிகள் மறைந்தன, எவரோ சிரித்தார். திரையில் 'மீண்டும் தொடங்கு' எனும் பொத்தான் தோன்றிற்று. மருதமுனை மாணவி பொத்தானை அழுத்தவில்லை, எழுந்து வெளியேறவுமில்லை. 2005இற் பிறந்தவள் அவள். அவளுடைய உம்மாவின் தம்பியை அவள் நிழற்படத்திலேயே அறிவாள். வகுப்பு கலைந்த பின் ஆசிரியரும் பழைய மாணவனும் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அவன் தானாகவே புள்ளிகளையும் பெறுபேற்றையும் நீக்கினான். அலையும் ஆழமும் நேரமும் மட்டும் எஞ்சின. விளையாட்டின் வழியாகக் கற்பிக்கலாகாதவை சில உண்டு என்று இதனைக் கொண்டு விதிசெய்துவிட முடியாது. எச்சரிக்கை ஒத்திகை என்பதே ஒருவகை விளையாட்டுத்தான். அதனை ஆடிப் பழகிய பிள்ளைகள் ஓடத் தெரிந்த பிள்ளைகள். ஆனால் சிரிப்பு எழுந்த கணத்தை அவ்விருவராலும் மறக்க இயலவில்லை என்பதும் உண்மை.

இரண்டு நாட்களின் பின் அம்மாணவி ஆசிரியரிடம் வந்தாள்.

"சேர், அந்த மொடல் பிழை."

"எது பிழை, மகள்?"

"அதில முதல்ல கடல் பின்னுக்குப் போகுது. உம்மம்மா சொன்னா, கடல் பின்னுக்குப் போகல்லயாம். பொங்கித்தான் வந்ததாம். பிறகுதான் வத்தினதாம்."

பின்வாங்கிய கடலைக் கண்டால் ஓடுக என்பதே அனர்த்தக் கையேடுகளின் முதல் அறிவுரை. பழைய மாணவனும் அப்படங்களைப் பார்த்தே தன் அலையை அமைத்திருந்தான். முதலில் தாழி, பிறகு முடி. ஆசிரியர் அன்றிரவு புத்தகங்களையும் ஆய்வறிக்கைகளையும் புரட்டினார். கிழவி கூறியதே சரி. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்குப் பிளந்த அக்கடலடியில் மேற்குப்புறம் உயர்ந்தது, கிழக்குப்புறம் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே தாய்லாந்தின் கரையிற் கடல் முதலிற் பின்வாங்கிற்று. அங்கே எடுக்கப்பட்ட படங்களே உலகெங்கும் பரவின. மேற்கே இலங்கையின் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது முடி. இக்கரையில் நின்று கடல் வற்றுவதைக் காத்திருந்தவனுக்கு முதல் அலைக்கு முன் அந்த அடையாளம் கிட்டியிராது. நிலம் அதிர்ந்ததாகக் கேள்விப்பட்ட அந்த இரண்டு மணிநேரம் மட்டுமே இங்கு எச்சரிக்கை. பதினேழு ஆண்டுகள் அவர் தாண்டிச் சென்ற அந்த ஒரு வரியின் பொருள் இதுவாக இருந்தது.

மறுநாள் அவர் அச்சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினார். பாடத்திட்டத்தில் இல்லை என்று முதலிலேயே கூறிவிட்டார். ஒருவரும் கொப்பியை மூடவில்லை. ஆழங்களை மாணவரே அட்டவணையாக்கினர். கிழக்குக் கரையின் கண்டமேடை ஒடுங்கியது என்பதால் அலை கரையை அண்மிய பின்னரே தளர்கின்றது என்பதனை, கதி எண்களைக் கீழ்நோக்கிக் கூட்டிவந்த ஒருவன் தானாகவே சுட்டிக்காட்டினான். நிரலில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு குறிதான்: சயத்துக்குப் பதிலாகச் சக. அம்மாணவியே விசைப்பலகையில் அதனை மாற்றினாள். அலை புறப்பட்டது, இம்முறை முடி முன்னால் வந்தது. கல்முனை என எழுதிய இடத்தை அது தொட்டபோது திரையின் மூலையிலிருந்த கடிகாரம் இரண்டேகால் மணிநேரத்தைக் காட்டிற்று. ஆழத்தை எங்கும் நான்கு கிலோமீற்றர் எனக் கொண்டமையாலும் பிளவின் வடபகுதி இன்னும் அண்மையில் இருந்தமையாலும் சில நிமிடங்கள் முன்பின்னாகும் என்று ஆசிரியர் விளக்கினார்.

அந்நிரலைக் கைபேசியில் இயங்குமாறு ஆக்கிக் கொடுக்கும்படி அவள் பழைய மாணவனிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டாள். உம்மம்மாவுக்குக் காட்டினாளாம். கிழவி கைபேசியைக் கண்ணுக்கு அருகே பிடித்து, அலை ஓடி முடியும் வரைக்கும் பார்த்திருந்து, மறுபடி ஓடவிடச் சொல்லி, அதனையும் பார்த்தாளாம்.

"ஓம், இப்படித்தான். ஆனா இதில சத்தம் இல்லையே," என்றாளாம்.

ஆசிரியரிடம் அம்மாதிரிக்கென ஒரு குறிப்பேடு இருந்தது. மாதிரியில் இடம்பெறாதவற்றை அதன் கடைசிப் பக்கத்தில் வரிசைப்படுத்தி வந்தார்: கரையின் வளைவு, அடித்தள உராய்வு, இரண்டாம் அலை, கட்டடங்கள். அவற்றின் கீழே 'சத்தம்' என்று எழுதிக்கொண்டார்.